சுற்றிக் கொடுக்கவும்

ஒரு இயந்திரம் சொன்னதைச் செய்யாவிட்டால் எனக்குப் பெரிதாகக் கோபம் வராது. பழுது என்று எடுத்துக்கொண்டு திருத்தப் பார்ப்பேன். சொன்னதை ஒழுங்காகச் செய்துவிட்டு, பிறகு யாரும் சொல்லாத இன்னொன்றையும் தன்பாட்டில் செய்து எல்லாவற்றையும் கெடுக்கிற இயந்திரத்தைத்தான் தூக்கிக்கொண்டு போய் மகாவலி ஆற்றில் போட வேண்டும் போலிருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் ஸ்டோர் அறையில் என் முன்னால் இருந்தது அப்படிப்பட்ட ஒரு சனியன்.

கண்டி டவுனில் நடராஜா முதலாளி நடத்துகிற ஸ்கேன் சென்டரில் நான் வேலை செய்கிறேன். கம்ப்யூட்டர் என்று பெயர் சொல்லக்கூடிய எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு. சர்வர் நின்றாலும் சஞ்சீவனி, பிரின்டரில் கடதாசி சிக்கினாலும் சஞ்சீவனி, ரிசெப்ஷனில் டிவிக்குச் சத்தம் வராவிட்டாலும் சஞ்சீவனி. முதலாளியின் போனில் மகனுடைய கல்யாணப் படங்கள் காணாமல் போனால் அதற்கும் நான்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

அன்று காலை கதவு திறந்ததும் வந்தவர்கள் ரத்தினம்மாவும் அவருடைய மகள் சர்மிளாவும். ரத்தினம்மா கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். சர்மிளாவுக்குப் பல்லேகலவில் கார்மென்ட்ஸ் வேலை. குண்டசாலையில் அறை எடுத்து இருக்கிறாள். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். போன கிழமை அம்மாவுக்கு இருமல் என்று ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனில் வலது நுரையீரலில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்திருக்கிறது.

"டொக்டர் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாரு மிஸ்," என்றாள் சர்மிளா. "மூணு வருஷத்துக்கு முன்னாடி அம்மா மழையில வழுக்கி விழுந்தப்ப இங்கதான் நெஞ்ச ஸ்கேன் பண்ணோம். அந்தப் படத்துலயும் இதே புள்ளி இதே அளவுல இருந்தா பயமில்லயாம். பழைய தழும்பா இருக்கும், விட்றலாமாம். அப்ப இல்லாம இப்பத்தான் வந்திருக்குன்னா நெஞ்சத் தொறந்து எடுக்கணுமாம். இன்னைக்கு கிளினிக் முடியிறதுக்குள்ள பழைய படத்தக் காட்டலன்னா வியாழக்கிழமை வந்து வார்டுல படுக்கச் சொல்லிட்டாரு."

"என் நெஞ்சுல என்னா இருக்குன்னு என்கிட்ட கேக்க மாட்டேங்குறாங்க," என்றார் ரத்தினம்மா. "பொட்டிக்கிட்ட கேக்கச் சொல்றாங்க."

சொல்லிவிட்டுக் கையிலிருந்த பணிஸ் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டார். ஆனால் அதை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்ததை நான் பார்த்தேன். சர்மிளாவும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

படத்தை ஏன் அன்றைக்கே கையில் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். அது இரண்டாயிரத்து இருபத்திரண்டு. நாட்டில் டொலர் இல்லை, டொலர் இல்லாததால் பிலிம் இல்லை. "எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு, எப்ப வேணும்னாலும் வாங்க" என்று வாயால் சொல்லி, ரிப்போர்ட் கடதாசியை மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டில் விலா எலும்பு முறியவில்லை என்று மட்டும்தான் இருந்தது. எலும்பைப் பார்க்கச் சொன்னார்கள், எலும்பைப் பார்த்தார்கள். நுரையீரலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

கம்ப்யூட்டரிலும் படம் இல்லை. அந்த வருஷம் கரன்ட் வந்து வந்து போனதில் அப்போதிருந்த சர்வரின் பெரிய டிஸ்க் எரிந்துபோனது. வருஷத்தின் முதல் மூன்று மாதத்துப் படங்களும் அதோடு போயின. "அதனால என்ன, கசெட்ல இருக்குதானே" என்று முதலாளி அப்போது சொன்னாராம். மூன்று வருஷமாக அதையே சொல்லிக்கொண்டும் இருந்தார். ஒருவரும் அந்தக் கசெட்டைப் போட்டுப் பார்க்கவில்லை.

கசெட் என்றால் நிஜமாகவே கசெட்தான். உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நாடா. அதை ஓட்ட ஒரு டேப் டிரைவ். இந்தக் காலத்தில் எந்த ஸ்கேன் சென்டரில் இதெல்லாம் இருக்கிறது? எங்கள் சென்டரில் இருக்கிறது. ஏனென்றால் எங்கள் முதலாளி ஸ்கேன் மெஷின் வாங்குவதற்கு முன்னால், அதற்கும் முன்னால், கம்பளையில் வீடியோ கசெட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தவர். டிஸ்க் என்றால் அவருக்கு நம்பிக்கை இல்லை. கொழும்பில் யாரோ கழித்துவிட்ட டேப் டிரைவைக் கண்டதும் பழைய சிநேகிதனைக் கண்டதுபோல வேனில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். ஏப்ரல் மாதம் புதிய சர்வரும் டிஸ்க்குகளும் வந்தபிறகு அது ஸ்டோர் அறைக்குப் போனது. பழைய சர்வரும் அதன் பக்கத்திலேயே தூசி பிடித்துக் கிடந்தது.

கசெட்டின் முதுகில் மார்க்கரால் எழுதியிருந்தது: 1 ஜனவரி, 2 பெப்ரவரி, 3 மார்ச். எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்த அம்ஜத் நானாவின் எழுத்து. நானா என்றால் அண்ணன். ரத்தினம்மா வந்தது மார்ச் நடுவில்.

"நீங்க கதிரையில உக்காருங்கம்மா. அரை மணித்தியாலத்துல எடுத்துத் தர்றேன்," என்றேன்.

என் வாய் இருக்கிறதே, அதற்கு ஒரு பூட்டுப் போட வேண்டும்.

"ராஜலிங்கம் மாமா சொன்னாரு, இங்கப் போனா கெடைக்கும்னு," என்று சர்மிளா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பது ஸ்டோர் அறை வரைக்கும் கேட்டது. ராஜலிங்கம் ரத்தினம்மாவின் அண்ணன். ரத்தினம்மாவுக்கு ஒரு மாதம் முந்தி, பெப்ரவரிச் சுதந்திர தினத்துக்கு அடுத்த கிழமை, அவரும் இங்கே நெஞ்சு ஸ்கேன் எடுத்தவராம். அந்தப் பழக்கத்தில்தான் தங்கச்சியையும் இங்கே கூட்டிக்கொண்டு வந்தாராம்.

டேப்பில் நினைத்த இடத்துக்குத் தாவ முடியாது. பாட்டுக் கசெட்டில் மூன்றாவது பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் முதல் இரண்டையும் ஓட்டிக் கடக்க வேண்டும் அல்லவா, அதே கதைதான். ஒரு மாதத்துப் படங்கள் ஒரு தொகுப்பு. அதைத் தேடி எடுக்க இரண்டு கட்டளை. "இரண்டு தொகுப்பைக் கடந்து போய் நில்" என்பது ஒன்று. "நிற்கிற இடத்திலிருந்து வாசி" என்பது மற்றது.

பழைய சர்வரைத் துடைத்துக் கரன்ட் கொடுத்தேன். ஆச்சரியம், லினக்ஸ் எழும்பி வந்தது. அதன் சின்ன டிஸ்க் பிழைத்திருந்தது. கசெட்டைப் போட்டேன். முதல் கட்டளை கொடுத்தேன். டிரைவ் முனகிக்கொண்டு ஓடியது. ஓடி நின்றதாகத்தான் நினைத்தேன். இரண்டாவது கட்டளை கொடுத்தேன். திரையில் திகதியில்லாத முதல் வரி வந்தது: தண்ணீர் டப்பா.

தண்ணீர் டப்பா என்பது மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தண்ணீர் நிரப்பிய ஒரு டப்பாவை வைத்து எடுக்கும் படம். ஆட்களை எடுப்பதற்கு முன்னால் அதைத்தான் எடுப்பார்கள். அப்படியானால் நான் நிற்பது ஜனவரியில். டேப் திரும்பச் சுற்றி ஆரம்பத்துக்கே வந்துவிட்டது.

வாசிப்பை நிறுத்தினேன். மறுபடி கடக்கச் சொன்னேன். மறுபடி ஓடியது. இந்த முறை காதைக் கிட்டே வைத்துக் கேட்டேன். ஓடி, ஒரு நொடி நின்று, பிறகு ஸ்ஸ்ஸ் என்று பின்னால் சுற்றும் சத்தம். மறுபடி வாசி என்றேன். தண்ணீர் டப்பா.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னை ஒன்றும் தெரியாதவள் என்று நினைப்பீர்கள். லினக்ஸில் ஒரே டேப் டிரைவுக்கு இரண்டு பெயர் உண்டு. முதல் பெயரால் கூப்பிட்டால், வேலை முடிந்ததும் நாடாவை ஆரம்பம் வரைக்கும் சுற்றிவிடும். இரண்டாவது பெயரால் கூப்பிட்டால், விட்ட இடத்திலேயே நிற்கும். இது தெரியாமல் முதல் பெயரைப் பாவித்துவிட்டு "டேப் பழுது" என்று ஒப்பாரி வைப்பவர்கள் ஏராளம். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. நான் அடித்தது இரண்டாவது பெயர். எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். இரண்டாவது பெயர்தான். அப்படியும் சுற்றியது.

கேபிளைக் கழற்றி மாட்டினேன். தண்ணீர் டப்பா. கேபிளையே மாற்றினேன். தண்ணீர் டப்பா. டிரைவின் தலையைத் துடைக்கும் கசெட்டை அலுமாரியில் தேடிப் பிடித்துப் போட்டு எடுத்தேன். தண்ணீர் டப்பா. ஒவ்வொரு முறையும் நாடா போய் வரும்வரை நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். செக்குமாடு கூட என்னைவிட அதிக தூரம் போயிருக்கும்.

அப்போதுதான் முதலாளி எட்டிப் பார்த்தார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் பால் விடாத பிளேன்டி.

"என்ன புள்ள, சுத்திருச்சா?"

"சுத்திருச்சு மொதலாளி. அதுதான் பிரச்சினையே."

"சுத்துனா நல்லதுதானே?"

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேலை நடக்கும் இடத்தில் முதலாளி உட்கார்ந்தால் கம்பளைக் கதை வரும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"கம்பளையில நம்ம கடையில ஒரே ஒரு போர்ட்தான் வச்சிருந்தேன். 'சுற்றிக் கொடுக்கவும்.' அவ்வளவுதான். படம் பாத்துட்டு சுத்தாமக் கொண்டாந்தா அந்த வீட்டுக்கு அடுத்த படம் கெடையாது. தோட்டத்துத் தொரையா இருந்தாலும் சரி, ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தாலும் சரி. ஏன் தெரியுமா? அடுத்தவன் ஆசையா போடுவான். கடைசி சண்டையில இருந்து ஓடும். அது எவ்வளவு பாவம்? நாடாவுக்கும் கேடு. இழுபட்ட மாதிரியே கெடந்தா நாடா தளந்துரும்."

"இது சினிமா கசெட் இல்லைங்க மொதலாளி."

"கசெட்டு கசெட்டுதானே புள்ள? நின்னுட்டா பென்சில விட்டுச் சுத்தலாமா?"

பென்சிலை எங்கே விடலாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. சம்பளம் தருகிற மனிதர் என்பதால் சொல்லவில்லை.

ரிசெப்ஷனிலிருந்து சர்மிளா வந்து கதவருகில் நின்றாள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அரை மணித்தியாலம் என்று நான் சொன்னது முடிந்து வெகு நேரமாகியிருந்தது. கிளினிக் மத்தியானத்தோடு மூடிவிடும். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. இயந்திரத்தின் மேல் இருந்த கோபம் முழுக்க என் மேல் திரும்பியது. முடியாது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் டொக்டரிடமாவது கெஞ்சப் போயிருப்பார்கள்.

கோபம் வந்தால் எனக்குக் கை வேகமாகிவிடும். கம்ப்யூட்டரோடு இணைத்த கருவிகளின் பெயர்கள் எல்லாம் உள்ளே ஓரிடத்தில் இருக்கும். அதைத் திறந்து டேப் டிரைவின் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் பெயர் இருந்தது. இரண்டாவது பெயரும் இருந்தது, ஆனால் அதற்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி. அம்பு முதல் பெயரைக் காட்டியது.

அதாவது இரண்டாவது பெயர் வெறும் வேஷம். அதைக் கூப்பிட்டாலும் வந்து நிற்பது முதல் பெயர். யாரோ வேண்டுமென்றே செய்து வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் எழும்பும் ஒவ்வொரு முறையும் இதையே செய் என்று ஆரம்பக் கட்டளைகளில் ஒரு வரியும் எழுதியிருந்தது.

அம்ஜத் நானா இப்போது கத்தாரில். வாட்ஸப்பில் எடுத்தேன். கம்பனி பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"அல்லாவே, அந்த வரி இன்னும் ஈக்குதா?" என்று சிரித்தார்.

"சிரிக்காதீங்க நானா. எதுக்கு அப்படிச் செஞ்சீங்க?"

"நான் என்ன செய்ய? ஜனவரி எழுதி முடிச்ச அண்டைக்கு மொதலாளி வந்து கேட்டாரு, 'சுத்தினீங்களா'ண்டு. இல்லண்டு சொல்லிட்டன். ஸ்டாஃப் எல்லாருக்கும் முன்னுக்கு ஏசினாரு. அதுக்குப் பொறகு ஒவ்வொரு நாளும் கேப்பாரு. எனக்கு மறந்து போகும் தானே? அதான், எந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் தானாச் சுத்துற மாதிரி வச்சிட்டன். அதோட என்ட தலையிடி போச்சு."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. முதலாளி பெருமையோடு தலையாட்டினார்.

இதில் இன்னொரு கொடுமை என்னவென்றால், இந்த வகைக் கசெட்டைச் சுற்றி வைக்கவே தேவையில்லை. வெளியே எடுக்கும் பொத்தானை அழுத்தினால் டிரைவ் தானாகவே முழு நாடாவையும் சுற்றிக்கொண்டுதான் கசெட்டை வெளியே தள்ளும். சுற்றாமல் வெளியே வரவே வராது. கம்பளைச் சட்டத்தை அந்த இயந்திரம் பிறவியிலேயே படித்துக்கொண்டு வந்திருந்தது. அதற்குத்தான் இந்த மனுஷன் நாள்தோறும் 'சுத்தினீங்களா' என்று கேட்டிருக்கிறார். அதற்குத்தான் அந்த மனுஷன் பயந்து வரி எழுதியிருக்கிறார்.

ஆனால் எனக்கு ஏச நேரமில்லை. வரியை அழித்தேன். சர்வரை அணைத்து எழுப்பினேன். இரண்டாவது பெயர் இப்போது அம்பில்லாமல் தன் காலில் நின்றது. கடந்து போ என்றேன். டிரைவ் முனகியது. பின்னால் சுற்றும் சத்தம் இல்லை. "வந்துருச்சு," என்று சர்மிளாவைப் பார்த்துச் சொன்னேன். அவள் ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவந்தாள்.

வாசி என்றேன், திரையில் பிழை என்று வந்தது. அங்கே ஒன்றுமில்லை. முதல் தொகுப்புக்குப் பிறகு நாடாவில் எழுத்தே இல்லை.

மூன்று தொகுப்பு இருக்க வேண்டிய கசெட்டில் ஒன்றுதான் இருந்தது.

போன் இன்னும் தொடர்பில் இருந்தது.

"நானா, பெப்ரவரிய எழுதும்போது என்ன செஞ்சீங்க?"

"கடைசிக்குப் போகச் சொல்லிட்டு, அதுக்குப் பொறகு எழுதச் சொன்னன். சரியாத்தான் செஞ்சன். புத்தகத்துல ஈக்குற மாதிரி."

"அந்தச் சுத்துற வரிய வச்சதுக்குப் பொறகு."

"ஓ."

அவருக்கும் விளங்கிவிட்டது. கடைசிக்குப் போ என்றால் டேப் கடைசிக்குப் போயிருக்கும். போய், கட்டளை முடிந்தது என்று ஆரம்பத்துக்கே சுற்றி வந்திருக்கும். பிறகு எழுது என்றால் ஆரம்பத்திலிருந்து எழுதியிருக்கும். ஜனவரிக்கு மேலே பெப்ரவரி. பெப்ரவரிக்கு மேலே மார்ச்.

"யா அல்லாஹ்," என்றார் அம்ஜத் நானா. இப்போது சிரிப்பு இல்லை.

"மார்ச்ச எழுதினீங்களா? நிச்சயமா எழுதினீங்களா?"

"தெரியாது சஞ்சீவனி. பொய் சொல்ல ஏலாது. கசெட்ல பேரெல்லாம் முன்கூட்டியே எழுதி வச்சிருவன். மார்ச் கடைசியில கரன்ட் எங்க இருந்திச்சு? ரெண்டு மூணு தரம் தொடங்கிப் பாத்தது ஞாபகம் ஈக்கு. முடிச்சனாண்டு ஞாபகமில்ல."

நான் திரும்பினேன். ரத்தினம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நாங்கள் பேசியது ஒன்றும் விளங்கியிருக்காது. என் முகம் விளங்கியிருக்கும்.

"இல்லீங்களா மகளே?" என்று கேட்டார். "இல்லன்னா சொல்லிருங்க. தொறக்கட்டும். எத்தன நாளைக்குத்தான் இந்தப் புள்ள என்னத் தூக்கிக்கிட்டு அலையும்."

"கொஞ்சம் இருங்கம்மா," என்றேன். திரைப் பக்கம் திரும்பினேன்.

கசெட்டில் ஒரே ஒரு தொகுப்புத்தான் இருக்கிறது. அது கடைசியாக எழுதியது. அது பெப்ரவரியாக இருந்தால் எல்லாம் முடிந்தது. மார்ச்சாக இருந்தால், காலையிலிருந்து அது என் மூக்குக்கு முன்னாலேயே வந்து வந்து நின்றிருக்கிறது, நான்தான் தண்ணீர் டப்பாவைக் கண்டதும் ஜனவரி என்று முடிவுகட்டி விரட்டிவிட்டிருக்கிறேன். தண்ணீர் டப்பா ஒவ்வொரு மாதத்தின் ஆரம்பத்திலும் எடுக்கிற படம். இதே கட்டடத்தில் மாதாமாதம் என் கண்ணால் பார்க்கிறேன். அன்றைக்கு மட்டும் என் புத்தி எங்கே மேயப் போயிருந்தது என்று தெரியவில்லை.

இந்த முறை நானே டேப்பைச் சுற்றச் சொன்னேன். ஆரம்பத்துக்கு வந்தது. வாசி என்றேன். தண்ணீர் டப்பா. நிறுத்தவில்லை, ஓடவிட்டேன். அடுத்த வரி வர ஒரு யுகம் ஆனது. ஒரு பெயர், அதன் பக்கத்தில் திகதி.

மார்ச்.

"மார்ச்!" என்று நான் கத்திய கத்தலில் எக்ஸ்ரே அறையிலிருந்து டிலானி ஓடிவந்தாள். டிலானி எங்கள் ஸ்கேன் எடுக்கிறவள், மூன்று வருஷத்துக்கு முன்னால் ரத்தினம்மாவைப் படுக்க வைத்து எடுத்ததும் அவள்தான். பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டு வந்தன. ஐந்து பேரும் வாய்க்குள் வாசித்துக்கொண்டு நின்றோம். முதலாளி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். மாத நடுவுக்கு வரும்போது சர்மிளா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

ரத்தினம்மாவின் பெயர் வந்தது.

படத்தைப் பிரித்தெடுத்து டிலானியின் திரைக்கு அனுப்பினேன். பக்கத்தில், சர்மிளா கொண்டுவந்திருந்த ஆஸ்பத்திரியின் புதிய படத்தை வைத்தாள். ஒவ்வொரு துண்டாக நகர்த்திக்கொண்டே போனாள். வலது பக்கம், நடுவுக்குக் கொஞ்சம் கீழே, பழைய படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. டிலானி அதை அளந்தாள். புதியதை அளந்தாள். திரும்பவும் இரண்டையும் அளந்தாள்.

"நான் சொல்லக்கூடாது, டொக்டர்தான் சொல்லணும்," என்றாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆனா அன்னைக்கும் இருந்திருக்கும்மா. அதே அளவு."

ரத்தினம்மா அந்தப் புள்ளியை வெகு நேரம் பார்த்தார். "இத்தன வருஷமா உள்ள இருந்துகிட்டு இப்பத்தான் ஊரைக் கூட்டுது பாரு, சனியன்," என்றார். பிறகு தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதார்.

படங்களை சிடியில் போட்டுக் கொடுத்து ஆட்டோ பிடித்து அனுப்பினேன். கிளினிக் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று அந்த ஆட்டோ சந்தி திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே வந்தபோது முதலாளி ரிசெப்ஷனில் டிலானிக்கும் வந்திருந்த இரண்டு நோயாளிகளுக்கும் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆரம்பத்துக்கு சுத்தி வச்சதாலதானே ஆரம்பத்துலயே கெடைச்சிச்சு? அந்தக் காலத்துல இருந்து நான் சொல்றது அதுதான். கசெட்டு எப்பவும் சுத்தியே இருக்கணும்."

காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் தொண்டைக்கு வந்தது. "மொதலாளி, கொஞ்சம் ஸ்டோருக்கு வாங்க. ஒங்கக்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்," என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் என் குரலை வைத்து ஏதோ விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். "டீ குடிச்சிட்டு பேசுவோம் புள்ள," என்று உள்ளே போய்விட்டார். டீக்குப் பிறகு யாரோ வந்தார்கள். அதற்குப் பிறகு போன் வந்தது. சாப்பாட்டு நேரமும் வந்துவிட்டது. நானும் என் சோற்றுப் பார்சலைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த வார்த்தையில் தொடங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கசெட் மேசையில் என் முன்னால் இருந்தது.

அப்போது ரத்தினம்மாவும் சர்மிளாவும் திரும்பி வந்தார்கள். காலையில் வந்த அதே இரண்டு பேர் என்று நம்ப முடியாது. ரத்தினம்மா தலையில் பூ வைத்திருந்தார். சர்மிளாவின் கையில் ஒரு கேக் பெட்டி.

"ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு மிஸ்! பழைய தழும்புதானாம். வார்டும் வேணாம், ஒண்ணும் வேணாமாம். இருமலுக்கு ஒரு பாணி மருந்து மட்டும் எழுதிக் குடுத்தாரு."

டிலானி கை தட்டினாள். முதலாளி கை கழுவின ஈரத்தோடு வந்து நின்று, தானே ஒப்பரேஷன் செய்து காப்பாற்றியவர்போல ரத்தினம்மாவைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் அந்த நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன், கண் கலங்கியது. கேக்கில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன்.

"மிஸ், இன்னும் ஒரு ஒதவி," என்றாள் சர்மிளா. "ராஜலிங்கம் மாமாவுக்கு இப்பதான் போன் பண்ணிச் சொன்னேன். அழுதுட்டாரு. அவருக்கும் இதே மாதிரிதான் மிஸ். நெஞ்சுல ரெண்டு புள்ளி. பழைய படம் இருந்தாக் கொண்டாங்கன்னு சொல்லியிருக்காங்க. அம்மாவுக்குக் கெடைக்குதான்னு பாத்துட்டு வருவோம்னுதான் இருந்தாரு. நாளைக்கே மொத பஸ்ல வரச் சொல்லிட்டேன். அவரு பெப்ரவரியில எடுத்தது. ரெண்டாவது நம்பர்தானே?"

மேசையில் இருந்த கசெட்டை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள்.

கேக் வாயில் அப்படியே நின்றது. நான் முதலாளியைப் பார்த்தேன். "நீங்களே சொல்லுங்க மொதலாளி," என்றேன்.

"என்னத்த?"

"பெப்ரவரி இல்லைங்க. ஜனவரியும் இல்ல. ஒவ்வொரு தரமும் சுத்தி வந்து, முந்தி எழுதினது மேலேயே எழுதியிருக்கு. மார்ச் மட்டும்தான் மிச்சம். காலையில இருந்து அதைத்தான் ஒங்கக்கிட்ட சொல்லப் பாக்குறேன்."

முதலாளியின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்தால் வாய் நிறைய ஏசிவிட்டுப் போயிருப்பேன்.

"வரச் சொல்லுங்க," என்றார் கடைசியில், சர்மிளாவிடம். "மாமாவ வரச் சொல்லும்மா. நாம புதுசா ஒண்ணு எடுத்துக் குடுப்போம். நல்ல மெஷின் இப்ப. ஒண்ணும் தர வேணாம்."

சர்மிளாவுக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"புதுசு ஆஸ்பத்திரியிலயே எடுத்துட்டாங்களே சேர்," என்றாள். "அவங்க கேக்குறது பழசத்தானே?"

நான் கசெட்டை எடுத்து முதலாளியின் ஈரக் கையில் வைத்தேன். அது ஒழுங்காகச் சுற்றித்தான் இருந்தது.